டேபிள் சாவில் (மேஜை ரம்பத்தில்) பிளேடுக்கான காப்பு, அதாவது கார்டு, மாட்டினால் பலகை பாதியில் சிக்குகிறது. கழற்றிவிட்டு அறுக்கலாமா?

கழற்றாதீர்கள். கார்டு சரியாக உட்கார்ந்திருந்தால் பலகை சிக்காது. உங்களுக்குச் சிக்குகிறது என்றால் எங்கோ அளவு ஒத்துப்போகவில்லை.

நீங்கள் எழுதியதிலேயே காரணம் இருக்கிறது. மெஷினோடு வந்த பிளேடை எடுத்துவிட்டு மெல்லிய பிளேடு ஒன்று போட்டேன், அதற்குப் பிறகுதான் பலகை பாதி போனதும் நிற்கிறது என்கிறீர்கள். வீடியோவில் எல்லாரும் கார்டு இல்லாமல்தானே அறுக்கிறார்கள் என்றும் கேட்கிறீர்கள். முதல் விஷயத்துக்குக் கீழே விளக்கமாகச் சொல்கிறேன். இரண்டாவதுக்கு என் அனுபவத்தையே சொல்கிறேன்.

நானும் முதல் ஒன்றரை வருடம் கார்டு இல்லாமல்தான் அறுத்தேன். ஒருநாள் 12 மி.மீ. பிளைவுட், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரம். முக்கால்வாசி அறுபட்டாயிற்று. நான் தள்ளிய கை கொஞ்சம் சாய்ந்ததில் துண்டின் பின்மூலை ஃபென்ஸை, அதாவது பலகையை ஒட்டித் தள்ளும் வழிகாட்டிச் சட்டத்தை, விட்டு ஒரு நூல் விலகியது. அவ்வளவுதான். டமார் என்று சத்தம் கேட்டபோதே அது என் விலாவில் மோதியிருந்தது. இடது கை துண்டோடு சேர்ந்து இழுபட்டு, பிளேடுக்கு நான்கு விரல் தூரத்தில் வந்து நின்றது. மூச்சு திரும்ப வர வெகுநேரம் ஆனது. அந்தத் துண்டை இன்னும் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். அதன் அடிப்பக்கத்தில் பிறை போல ஒரு கீறல் ஓடுகிறது. தொடங்கும் இடத்தில் மயிரிழை ஆழம், போகப்போகக் குழிந்து, ஓரத்தில் பிளைவுட்டின் இரண்டாவது அடுக்கு வரை இறங்கியிருக்கிறது. கீறலின் கரைகள் கருகியிருக்கின்றன. பிளேடின் பின்பக்கப் பற்கள் துண்டைத் தூக்கிச் சுழற்றி எறிந்த பாதை அது.

ஏன் அப்படி நடக்கிறது? பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தை மேஜையோடு சேர்த்துக் கீழே அழுத்துகின்றன. பின்பக்கப் பற்கள் மேஜைக்கு அடியிலிருந்து மேலே ஏறி வருகின்றன. மரம் அந்தப் பற்களில் பட்டால் தூக்கப்பட்டு, பிளேடின் மேல் ஏறி, நம்மை நோக்கிப் பறக்கும். இதைத்தான் கிக்பேக் என்கிறோம். 250 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால் பல்லின் நுனி மணிக்கு ஏறக்குறைய 190 கி.மீ. வேகத்தில் போகிறது. கை அனிச்சையாகப் பின்வாங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அதனால் கார்டு என்றதும் மேலே இருக்கும் கண்ணாடி மாதிரியான மூடியை மட்டும் நினைக்காதீர்கள். அது மூன்று பொருள் சேர்ந்தது. பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ரைவிங் நைஃப் என்ற தகடு, மரம் பின்னோக்கி வந்தால் கவ்விப் பிடிக்கும் பல் வைத்த நாக்குகள், கை பிளேடில் படாமல் காக்கும் மூடி. என் கணக்கில் இவற்றில் முதலாவதுதான் உயிர்நாடி. அறுத்த பிளவு மூடிக்கொள்ளாமல் விரித்துப் பிடிப்பதும், துண்டு பின்பற்களின் மேல் சாயாமல் தடுப்பதும் அந்தத் தகடுதான். அன்று அது இருந்திருந்தால் என் பிளைவுட் அந்த ஒரு நூல் விலகி, தகட்டில் உரசி, அங்கேயே நின்றிருக்கும்.

இப்போது உங்கள் சிக்கல். ரைவிங் நைஃபின் பக்கவாட்டைப் பாருங்கள், அதன் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். பிளேடிலும் இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று பிளேடுத் தகட்டின் தடிமன், மற்றது பல்லின் அகலம். நைஃப் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். தகடு 2.2, பல் 3.2 என்றால் 2.5 மி.மீ. நைஃப் சுகமாக ஓடும். நீங்கள் போட்ட மெல்லிய பிளேடின் பல் 2.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வெட்டும் பிளவும் 2.4தான். அதற்குள் 2.5 நைஃப் எப்படி நுழையும்? பிளேடு வரை ஒழுங்காக வந்த பலகை, பின்னால் நைஃபைத் தொட்டதும் நின்றுவிடும். நீங்கள் சொல்வது அதே போல இருக்கிறது. தயவுசெய்து நைஃபை அரத்தால் தேய்த்து ஒல்லியாக்காதீர்கள். பிளேடை மாற்றுங்கள், அல்லது அந்தப் பிளேடுக்கென்றே உங்கள் மெஷினுக்கு மெல்லிய நைஃப் தனியாகக் கிடைத்தால் அதைப் போடுங்கள். மறுபக்கம், பிளேடின் தகட்டைவிட ஒல்லியான நைஃபும் உதவாது. பிளவு மூடி வந்து பின்பற்களில் படும்.

அளவு சரியாக இருந்தும் சிக்கினால், நைஃப் பிளேடோடு ஒரே கோட்டில் இல்லை என்று அர்த்தம். மாட்டும் முறையிலேயே இதைச் சரிபார்த்துவிடலாம். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைப்பது போதாது. பிளக் கண்ணில் படும்படி மேஜை மேலேயே எடுத்து வைப்பது என் வழக்கம். பிளேடைச் சுற்றியிருக்கும் த்ரோட் பிளேட்டைக் கழற்றி, பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். உள்ளே பார்த்தால் நைஃபைப் பிடிக்கும் கவ்வியும் பூட்டும் கைப்பிடியும் தெரியும். கைப்பிடியைத் தளர்த்தி, நைஃபை அதன் மேல் நிலைக்கு இழுத்து, பூட்டு ஊசி (pin) துளைக்குள் உட்கார்ந்த பிறகு பூட்டுங்கள். பூட்டியதும் நைஃபைப் பிடித்து மேலே ஒருமுறை நன்றாக இழுத்துப் பாருங்கள். பாதி பூட்டிய நைஃப் ஓடுகிற பிளேடில் சாயும். இந்த ஒரு இழுப்பை நான் எந்த நாளும் விட்டதில்லை.

அடுத்து நேராக இருக்கும் இரும்பு ஸ்கேல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிளேடின் முன்பக்க, பின்பக்கப் பற்கள் இரண்டின் பக்கவாட்டிலும் ஒட்டி வைத்து, அப்படியே பின்னால் நைஃப் வரை நீட்டுங்கள். முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். இரண்டு பக்கமும் ஸ்கேலுக்கும் நைஃபுக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி இருந்தால் சரி. ஒரு பக்கம் ஸ்கேலை நைஃப் தள்ளுகிறது, மறுபக்கம் விரல் நகம் போகிற அளவு சந்து தெரிகிறது என்றால் கவ்வியில் இருக்கும் சின்ன ஆலன் திருகுகளால் நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். மூலைமட்டம் வைத்து நைஃப் செங்குத்தாக நிற்கிறதா என்றும் பாருங்கள். கீழே சரியாக இருந்து மேலே சாய்ந்திருந்தால் மெல்லிய பலகை சிக்காது, தடித்த கட்டை மட்டும் சிக்கும். இது பலரைக் குழப்பும். பற்களுக்கும் நைஃபுக்கும் நடுவில் 3 முதல் 8 மி.மீ. இடைவெளி இருக்கட்டும்.

ஃபென்ஸையும் இதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். பிளேடுக்கு முன்னால் அளந்தாலும் பின்னால் அளந்தாலும் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். பின்பக்கம் குறுகினால் மரத்தை ஃபென்ஸே பிளேடில் நெருக்கும். பழியை நாம் கார்டு மேல் போடுவோம்.

பிறகு த்ரோட் பிளேட்டை மேஜையோடு மட்டமாக வைத்து, நாக்குகளையும் மூடியையும் நைஃபில் மாட்டுங்கள். நாக்குகளுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டை உள்ளே தள்ளிப் பாருங்கள், தடையில்லாமல் போக வேண்டும். அதையே உங்கள் பக்கம் இழுத்தால் பல் பதிந்து நிற்க வேண்டும். பதியவில்லை என்றால் பல் மழுங்கியிருக்கும். மூடி தானாக எழும்பித் தானாகவே விழ வேண்டும். கடைசியாக பிளேடைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி எங்கும் உரசவில்லை என்று தெரிந்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். பிளேடை 45 டிகிரிக்குச் சாய்த்தால் இந்தச் சுற்றை மறுபடியும் செய்ய வேண்டும், சில கார்டுகளில் ஒரு பக்க மூடி சாய்ந்த பிளேடில் தொடும்.

அறுக்கும்போது பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காதீர்கள், சற்று இடப்பக்கம் தள்ளி நில்லுங்கள். மரம் பிளேடைத் தொடாத நிலையில் மெஷினைப் போட்டு, முழு வேகம் வந்த பிறகு தள்ளுங்கள். ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் இருக்கும் துண்டு நைஃபைத் தாண்டும் வரை தள்ளுவதை நிறுத்தக் கூடாது. அகலம் ஒரு சாணுக்குக் குறைந்தால் கைக்குப் பதில் புஷ் ஸ்டிக் (தள்ளும் குச்சி). வெட்டுப்பட்டு விழுந்த சின்னத் துண்டை எடுக்க மூடிக்குள் விரல் விடாதீர்கள், அணைத்து, பிளேடு நின்ற பிறகு எடுக்கலாம். கையுறை வேண்டாம். பல்லில் ஒரு நூல் மாட்டினாலும் கை முழுவதையும் உள்ளே இழுத்துவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

கார்டைக் கழற்றியே ஆக வேண்டிய வேலைகளும் உண்டு. பலகையில் காடி (நீளப் பள்ளம்) எடுக்கும்போது பிளேடு மரத்தைத் தாண்டி மேலே வராது, மூடி இடிக்கும். அப்போது மூடியையும் நாக்குகளையும் மட்டும் எடுத்துவிட்டு, நைஃபைக் கீழ்நிலைக்கு இறக்கிப் பூட்டுங்கள். அதன் தலை பிளேடின் உச்சிக்குச் சற்றுக் கீழே நிற்கும், மரம் மேலே தாராளமாகப் போகும். ஒல்லியான ரீப்பர் கிழிக்க மூடி இடைஞ்சல் என்றால் ரீப்பர் ஃபென்ஸ் பக்கம் வராமல் வெளிப்பக்கம் விழும்படி ஃபென்ஸை நகர்த்தி அறுங்கள், கழற்றத் தேவையே வராது. காடி வேலை முடிந்த கையோடு கார்டைத் திரும்ப மாட்டிவிடுங்கள். நாளைக்கு மாட்டலாம் என்று மூலையில் வைத்த கார்டு மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும், என்னுடையது அப்படித்தான் கிடந்தது.

வீடியோக்களைப் பற்றி ஒன்று. பிளேடு தெரிய வேண்டும் என்பதற்காகவே பலர் கார்டைக் கழற்றிப் படம் எடுக்கிறார்கள். விரல் பட்டால் நிற்கும் மெஷின் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். ஸ்டீவ் கேஸ் 1999-ல் யோசித்து உருவாக்கிய சாஸ்டாப் அப்படிப்பட்டது, சுமார் 5 மில்லிசெகண்டில் பிளேடை நிறுத்திவிடும். அருமையான வேலைப்பாடு. ஆனால் பறந்து வரும் பலகையை அது நிறுத்தாது. அந்த மெஷினிலும் ரைவிங் நைஃபும் கார்டும் வைத்துத்தான் தருகிறார்கள்.

இன்று பழைய பிளேடையே திரும்பப் போட்டு, ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு ஒரு வீண் பலகையை அறுத்துப் பாருங்கள். அப்படியும் சிக்கினால் நைஃபில் இருக்கும் எண்ணையும் பிளேடில் இருக்கும் இரண்டு எண்களையும், எந்தப் பக்கம் சந்து தெரிகிறது என்பதையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.