பண்ணை வீட்டு இளவரசன்

கேள்வி: பிபிசி எடுத்த ‘தி லாஸ்ட் பிரின்ஸ்’ தொடரைப் பார்த்தேன். வலிப்பு நோய் இருந்ததற்காகச் சொந்த மகனையே பண்ணை வீட்டில் ஒளித்து வைத்த ராணி மேரியெல்லாம் ஒரு தாயா? எங்கள் உறவிலும் ஒரு பையனுக்கு வலிப்பு உண்டு. வெளியே யாரிடமும் சொல்வதில்லை. ஆனாலும் எவ்வளவு பாசமாக வளர்க்கிறோம்!

பதில்: மேரியைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜான், பிரிட்டன் மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்கும் மேரிக்கும் 1905இல் பிறந்த கடைக்குட்டி. நாலு வயதில் முதல் வலிப்பு. அன்று மருந்து என்றால் புரோமைடு உப்புதான். பினோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்து வந்ததே 1912இல். இப்படிப்பட்ட பிள்ளைகளைக் காப்பகத்தில் விட்டுவிடுவது சாதாரணமாக இருந்த காலம். ஜானை அப்படி விடவில்லை. அரச குடும்பத்தின் சாண்ட்ரிங்காம் எஸ்டேட்டிலேயே வுட் ஃபார்ம் என்ற வீடு, உயிரையே வைத்திருந்த ஆயா லாலா பில், அவனுக்கென்று ஒரு தோட்டம், கூட விளையாட வினிஃப்ரெட் என்ற சிறுமி. 1919 ஜனவரி 18 அன்று, 13 வயதில், வலிப்பு வந்து இறந்தான். ராஜாவும் ராணியும் காரில் ஓடினார்கள். லாலா நொறுங்கிப் போயிருந்ததை மேரி தன் டைரியில் எழுதி வைத்திருக்கிறார்.

என்னால் மன்னிக்க முடியாதது வேறு. கூடப் பிறந்தவர்களிடமிருந்து அவனைப் பிரித்து வைத்தார்களே, அது. மூத்த அண்ணன் எட்வர்டுக்கு அப்போது 24 வயது. தம்பி இறந்த சேதி கிடைத்ததும் தன் காதலிக்கு எழுதிய கடிதத்தில், அவன் கிட்டத்தட்ட மிருகம்போல ஆகிவிட்டான் என்று எழுதினார். பார்க்காமலும் பழகாமலும் இருந்துவிட்டால் சொந்தத் தம்பிகூட இப்படித்தான் தெரிவான். இந்த வழக்கம் அதோடு நிற்கவும் இல்லை. இரண்டாம் எலிசபெத்தின் தாய்மாமன் மகள்கள், மனவளர்ச்சி குறைந்த நெரிஸா, கேத்தரின் இருவரும் 1941இல் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே, 1963இல் வெளியான பிரபுக்கள் வம்சாவளி நூல் இருவரும் இறந்துவிட்டதாக அச்சிட்டது.

ஸ்டீபன் பொலியாகோஃப் 2003இல் எடுத்த அந்தத் தொடரில் எனக்குப் பிடித்ததே, அரண்மனையையும் போரையும் அந்தப் பையனின் கண்ணால் பார்க்க வைத்ததுதான். பரிதாபப்படச் சொல்லாமல் அவனோடு பழக விடுகிறது.

சரி, உங்கள் வீட்டுப் பையனுக்கு வருகிறேன். பாசமாக வளர்க்கிறோம், வெளியே சொல்வதில்லை என்கிறீர்கள். மேரி செய்ததும் அதுதானே! அவருக்கு நல்ல மருந்து கிடையாது, உங்களுக்கு இருக்கிறது. முறையாகச் சிகிச்சை எடுத்தால் பத்தில் ஏழு பேர் வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ‘பின்னால் கல்யாணம் ஆகாதே’ என்ற பயமா? இந்து திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த வலிப்பு நோயை 1999லேயே நீக்கிவிட்டார்கள்.

அவன் வகுப்பு ஆசிரியருக்கு இது தெரியுமா? கூட விளையாடும் பையன்களுக்கு? நாளைக்கே போய்ச் சொல்லுங்கள். அவன் மைதானத்தில் விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும், வாயில் எதையும் திணிக்காமல் இருக்கவும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்புறம், கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.