பாமாயிலிலிருந்து செக்குக் கடலை எண்ணெய்க்கு மாறினால் செல்லுக்கு என்ன லாபம்?

ரேஷன் பாமாயிலை விட்டால் உடம்புச் செல்களுக்கு வித்தியாசம் இருக்குமா என்கிறீர்கள். இருக்கும்.

ஓசூருக்குப் பக்கத்தில் குளிரான தளிப் பக்கம் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டு விழாது, பக்கத்திலேயே கடலை எண்ணெய் சாதாரணமாக ஒழுகும். தேங்காய் எண்ணெயில் அதிகமுள்ள நிறைவுற்ற கொழுப்பு அமிலச் சங்கிலிகள் நேராக இருப்பதால் விறகுக் கட்டு மாதிரி நெருங்கி அடுக்கிக்கொள்ளும், கடலை எண்ணெயில் அதிகமுள்ள நிறைவுறாதவற்றில் வளைவு இருப்பதால் இடைவெளி விழும். நம் செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய உறையான செல் சவ்விலும் இதே மாதிரி அமிலங்கள்தான். ஆனால் செல் சும்மா இருக்காது, விகிதத்தை ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும், அதனால் பாமாயில் தின்றால் சவ்வே கட்டியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள்.

சிக்கல் கல்லீரலில். ரத்தத்திலிருந்து ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல் கொழுப்பை இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. பாமாயிலில் சுமார் 40 சதவீதம் இருக்கும் பால்மிடிக் என்ற நிறைவுற்ற அமிலம் உணவில் அதிகமானால் அந்த ஏற்பிகள் குறைந்து, எல்டிஎல் ரத்தத்திலேயே சுற்றும். கடலை எண்ணெயில் பாதிக்கு அருகில் ஒலியிக், சுமார் மூன்றில் ஒரு பங்கு லினோலிக், இரண்டும் நிறைவுறாத அமிலங்கள். இந்த லினோலிக்கை நம் செல்லால் உருவாக்க முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். ஒமேகா 3 என்ற இன்னொரு நிறைவுறாத கொழுப்பு மட்டும் கடலை எண்ணெயில் அநேகமாகக் கிடையாது, அதற்கு ஆளிவிதையோ மத்தி மீனோதான்.

சரி, பாலக்கோட்டுச் செக்கில் ஆட்டி வாங்கிய எண்ணெயாச்சே என்று அதிலேயே மூன்று நாள் போண்டா போடாதீர்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சினால் லினோலிக் உடைந்து, செல்லுக்குக் கெடுதலான ஆல்டிஹைடுகள் உருவாகும்.