ஒரு பைசா எங்கே போனது?

கேள்வி: சார், கொளத்தூரில் மாமா வைத்திருக்கும் காய்கறிக் கடைக்கு சி மொழியில் பில் போடும் ப்ரோகிராம் எழுதினேன். தொகை 10.332000 என்று நீளமாக அச்சானது. இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினேன், இப்போது மொத்தத்தில் ஒரு பைசா இடிக்கிறது என்று ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். தப்பு எங்கே? (கல்லூரி மாணவர், சென்னை)

பதில்: 25 பைசா காசே 2011-ல் செல்லாமல் போய்விட்டது, ஒரு பைசாவுக்குச் சண்டையா! ஆனாலும் அவர் சொல்வதுதான் சரி.

சி மொழியில் அச்சடிக்கும் கட்டளையான பிரிண்ட்எஃப்பில் வெறும் சதவீதக் குறியும் எஃப்பும் போட்டால் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வரும். நடுவே ஒரு புள்ளியும் 2-ம் சேர்த்தீர்கள், இரண்டோடு நின்றது. ஆனால் அது கண்ணுக்கு மட்டும்தான். கிலோ 36 ரூபாய் தக்காளி 287 கிராம் என்றால் 10.332 ரூபாய்; பில்லில் 10.33 என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது அதே 10.332. இப்படி மூன்று வரி இருந்தால் உள்ளே கூட்டி வருவது 30.996, அதை 31.00 என்று அச்சடிக்கும், வாடிக்கையாளர் பில்லைப் பார்த்து விரல்விட்டுக் கூட்டினால் 30.99 வரும்.

புள்ளி வைத்த எண்களை வைக்கும் டபுள் வகையில் இன்னொரு தொல்லையும் உண்டு. 2.675-ஐ இரண்டு இலக்கத்தில் அச்சடித்துப் பாருங்கள், 2.68 வராது, 2.67தான் வரும். கணினி எண்களை 0, 1 மட்டுமே கொண்ட இரும முறையில் வைக்கிறது, அதில் 2.675 சரியாக அடங்காது, ஒரு துளி குறைவாகத்தான் உட்காரும். மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333 என்று எழுதிக்கொண்டே போகிறோமே, அந்தக் கதைதான்.

அதனால் காசை பைசாவாக, முழு எண்ணாக வையுங்கள். கிராம் 287-ஐ கிலோ விலை 3600 பைசாவால் பெருக்கி, 500 கூட்டி, 1000-ஆல் வகுத்து மீதியை விட்டுவிட்டால் (முழு எண் வகுத்தலில் அது தானாகவே விடுபடும்) 1033. அந்த 500 அரைப் பைசாவை மேலே தள்ளத்தான். மொத்தத்தையும் இந்த முழு எண்களைக் கொண்டே கூட்டுங்கள்.

அச்சடிக்கும்போது 100-ஆல் வகுத்து ஈவு, புள்ளி, மீதி. ஈவுக்கு 7 இடம் ஒதுக்கினால் தொகைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக நிற்கும். மீதிக்கு சதவீதக் குறிக்கும் டி-க்கும் நடுவே 02 போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பத்து ரூபாய் ஐந்து பைசா 10.5 என்று அச்சாகி, படிப்பவர் பத்தரை ரூபாய் என்று நினைப்பார். நானும் ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டு, கூட்டலில்தான் கோளாறு என்று அரை நாள் தேடியிருக்கிறேன்.