அந்தக் காலத்து விவசாயிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மூன்று மாதமாக ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரைப் பற்றிப் படித்துவருகிறேன். 1618-இல் கத்தோலிக்கர்களுக்கும் சீர்திருத்தச் சபையினரான புராட்டஸ்டண்டுகளுக்கும் சண்டையாகத் தொடங்குகிறது. பாதியில் பார்த்தால் பிரான்சின் முதலமைச்சரான கத்தோலிக்கக் கார்டினல் ரிஷல்யூ, எதிர்த்தரப்பைச் சேர்ந்த லுத்தரன் நாடான ஸ்வீடனுக்குப் பணம் கொடுக்கிறார். இது மதப்போரா, அரசியல் போரா? எந்த நூலிலும் தெளிவு கிடைக்கவில்லை.

இன்னொன்று. நான் தரங்கம்பாடிப் பக்கம் லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவன். தாத்தா உபதேசியார். சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தரின் ஞானோபதேசத்தை, அந்தக் கேள்வி-பதில் சமயப் பாடத்தை, அவரிடம் ஒப்பித்து வளர்ந்தேன். 1525-இல் ஜெர்மனியில் கிளர்ந்தெழுந்த விவசாயிகளைக் கொல்லச் சொல்லி லுத்தர் எழுதியதைப் படித்தபோது இரண்டு நாள் மனசு சரியில்லை. அப்புறம், அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கக் கூடாது என்று தேற்றிக்கொண்டேன். சரிதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதல் கேள்விக்கு ஒருநாள் நிதானமாக எழுதுகிறேன். இப்போதைக்கு இவ்வளவு. 1618-இல் பிராகு கோட்டை ஜன்னல் வழியே கத்தோலிக்கச் சக்கரவர்த்தியின் அதிகாரிகளைத் தூக்கி எறிந்த புராட்டஸ்டண்டுகள் தங்கள் வழிபாட்டு உரிமைக்காக எறிந்தார்கள். 1631-இல் ஸ்வீடனோடு ஒப்பந்தம் போட்ட ரிஷல்யூ, சக்கரவர்த்தியின் ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் கை ஓங்கக் கூடாது என்பதற்காகப் போட்டார். முப்பது வருஷம் நடந்த சண்டைக்கு ஒரே காரணம் இருக்காது. ஒன்றைத் தேர்ந்தெடு என்பது பரீட்சைத் தாளின் பழக்கம், விட்டுவிடுங்கள்.

நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி வரிகளுக்காக. சில வாரங்களாக அந்த 1525-தான் என் தலையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு நாள் மனசு சரியில்லை என்கிறீர்கள். அந்த இரண்டு நாளும் நீங்கள் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தீர்கள். மூன்றாம் நாள் எதற்குத் தேற்றிக்கொண்டீர்கள்? யார் உங்களை அவசரப்படுத்தினார்கள்?

'அந்தக் காலம் அப்படி.' இந்த மூன்று சொல்லைக் கேட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும். என் தாத்தாவுக்கு நிலம் இருந்தது. அறுவடைக் களத்தில் பண்ணையாளுக்குக் கூழ் ஊற்றுவார்கள். பாத்திரம் கிடையாது. மண்ணில் கையால் குழி பறித்து, அதில் இலையைப் பதித்து அவர் உட்கார்ந்திருப்பார். மேலிருந்து ஊற்றுவார்கள். எட்டு வயதில் தாத்தாவிடம் ஏன் என்று கேட்டேன். "அந்தக் காலத்துலேர்ந்து அப்படித்தான்டா" என்றார். பல வருஷம் கழித்து அந்தப் பண்ணையாளின் மகனைச் சந்தித்தேன். பள்ளி ஆசிரியராக இருந்தார். "அப்பா ராத்திரி வீட்டுக்கு வந்ததும் சாம்பல் போட்டுக் கையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுவார், அந்தக் கூழ் வாசனை போகணும்னு" என்றார். என் தாத்தா சொன்ன அந்தக் காலத்தில்தான் அந்தக் கையும் கழுவப்பட்டது. தாத்தா அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நீங்களும் சேர்க்கவில்லை. அந்தக் காலத்து மனிதர் என்று சொல்லும்போது உங்கள் மனதில் லுத்தர் மட்டும்தான் இருக்கிறார். அவர் கொல்லச் சொன்னவர்கள் எந்தக் காலத்து மனிதர்கள்?

1524 கோடையில், தெற்கு ஜெர்மனியில் கருங்காடு என்ற மலைக்காட்டை ஒட்டிய ஷ்டூலிங்கனில்தான் முதலில் எழுந்தார்கள். அறுவடை நேரத்தில் பிரபுவின் மனைவி, நூல் சுற்றிவைக்க நத்தை ஓடு பொறுக்கி வரச்சொல்லிக் குடியானவர்களை அனுப்பினாள் என்று ஒரு பழைய ஏடு சொல்கிறது. கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது. வானத்தைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. இவன் புல்லுக்குள் குனிந்து நத்தை ஓடு தேடிக்கொண்டிருக்கிறான்.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் கிளர்ச்சி தெற்கு ஜெர்மனி முழுக்கப் பரவியது. பால்ட்ரிங்கன் பகுதி விவசாயிகளுக்குத் தலைவர் உல்ரிக் ஷ்மிட் என்ற கொல்லர். ஊர் ஊராகச் சேர்ந்த குறைகள் 300-க்கு மேல். அதை ஒழுங்காக எழுதித் தர ஆள் தேடி மெம்மிங்கென் நகரத்துக்குப் போனார். அங்கே கிடைத்தவர் செபாஸ்டியான் லோட்சர், மென்மயிர்த் தோலில் உடுப்பு தைப்பவர். பைபிளைக் கரைத்துக் குடித்தவர். 1525 மார்ச்சில் அந்த நகரின் சில்லறை வணிகர் சங்கக் கட்டடத்தில் சுமார் 50 பிரதிநிதிகள் கூடினார்கள். லோட்சரும் ஷாப்பலர் என்ற போதகரும் சேர்ந்து உருவாக்கிய பன்னிரண்டு கோரிக்கைகள் அச்சேறின. இரண்டே மாதத்தில் சுமார் 25,000 பிரதிகள் போயின என்பது மதிப்பீடு.

கேட்டதெல்லாம் என்ன? போதகரை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆற்றில் மீன் பிடிக்கவும் காட்டில் விறகு எடுக்கவும் விட வேண்டும். மேய்ப்பனையும் பெரிய பிரபுவையும் கிறிஸ்து ஒரே இரத்தத்தால்தான் மீட்டார், ஆகவே நாங்கள் யாருடைய அடிமைகளும் இல்லை. பதினோராவது கோரிக்கையைப் படிக்கும்போதெல்லாம் நான் நின்றுவிடுவேன். குடியானவன் செத்தால் பிரபுவின் ஆள் வந்து, தொழுவத்தில் இருப்பதிலேயே நல்ல மாட்டை அவிழ்த்துக்கொண்டு போவான். மனைவி செத்தால் அவளுடைய நல்ல உடுப்பு போகும். தாலியறுத்தவளிடமிருந்து கறவை மாட்டையும் பிடுங்குகிற இந்தச் சாவு வரி இனி வேண்டாம் என்றார்கள்.

பன்னிரண்டாவதைக் கவனமாகப் படியுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று தேவ வசனத்துக்கு விரோதம் என்று வேதத்தைக் கொண்டே காட்டினால் அதைக் கைவிடுகிறோம் என்கிறது. 1521-இல் வோர்ம்ஸ் நகரில் கூடிய பேரரசுச் சபையில், சக்கரவர்த்தி முன்னால், வேதத்தாலும் தெளிவான நியாயத்தாலும் மறுத்துக் காட்டாதவரை பின்வாங்க மாட்டேன் என்று லுத்தர் நின்றாரே, அதே நிலை இது. அவரிடம் கற்றுக்கொண்டதை அவரிடமே கொண்டுவந்தார்கள்.

அவர் என்ன செய்தார்? முதலில் பிரபுக்களைத் திட்டினார், இந்தக் கலகத்துக்கு நீங்களே காரணம் என்றார். அது உண்மை. ஆனால் அடிமைத்தனம் பற்றிய கோரிக்கைக்கு, ஆபிரகாமுக்கும் அடிமைகள் இருந்தார்களே என்று பதில் எழுதினார். ஈஸ்டர் சமயத்தில் வைன்ஸ்பெர்க்கில் விவசாயிகள் ஒரு பிரபுவையும் அவருடைய ஆட்களையும் ஈட்டிகளுக்கு நடுவே ஓடவிட்டுக் கொன்றார்கள். அதை மறைக்க நான் தயாரில்லை, அது கொடூரம். பிறகு மே மாதத்தில் வந்ததுதான் நீங்கள் படித்தது. முடிந்தவன் வெட்டட்டும், குத்தட்டும், கொல்லட்டும், வெறிநாயைக் கொல்வதுபோல.

மே 15 அன்று ஃபிராங்கன்ஹவுசன் ஊரை ஒட்டிய மேட்டில், சீர்திருத்தத்தை ஏற்ற ஹெஸ்ஸன் பிரபு பிலிப்பும் அதை வெறுத்த சாக்சனி பிரபு கியோர்க்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்று விவசாயிகளைத் தாக்கினார்கள். ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். மொத்தப் போரிலும் 70,000 பேருக்கு மேல் என்பது ஒரு மதிப்பீடு. பிரபுக்களுக்குள் மதச் சண்டை அன்றைக்கு ஓய்வெடுத்தது. உங்கள் முதல் கேள்வியையும் இந்த மேட்டிலிருந்து ஒருமுறை பாருங்கள்.

சரி, அளவுகோலுக்கு வருகிறேன். ஷ்வேபிஷ் ஹால் நகரில் யோஹானஸ் பிரென்ட்ஸ் என்ற போதகர் இருந்தார். லுத்தரின் ஆள். அவரும் கிளர்ச்சியை எதிர்த்தவர்தான். ஆனால் அதே 1525-இல், தோற்றவர்கள்மீது இரக்கம் காட்டுங்கள் என்று பிரபுக்களுக்கு எழுதினார். லுத்தரின் நண்பர்களே, கொல்லச் சொன்ன அவருடைய துண்டு நூலைக் கண்டு முகம் சுளித்தார்கள். தன் கடுமையான நூலைப் பற்றி லுத்தரே அந்தக் கோடையில் விளக்கம் எழுத வேண்டிவந்தது, அதிலும் அவர் இறங்கி வரவில்லை. அந்த வருஷமே அவரை அளந்தார்கள், எஸ். நம்முடைய அளவுகோல் யாருக்கும் தேவைப்படவில்லை. கொல்லனும் தோல் தைப்பவனும் அந்தக் காலத்து ஆட்களாக இருந்துதான், மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருக்கக் கூடாது என்று அச்சில் போட்டார்கள்.

உங்கள் தாத்தாவைப் பற்றி நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவர்மேல் வைத்த அன்பைக் காப்பாற்றத்தான் நீங்கள் லுத்தரைக் காப்பாற்றினீர்கள் என்று தோன்றுகிறது. அது தேவையில்லை. அந்த ஞானோபதேசம் 1529-இல் வந்தது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் போதகர் சீகன்பால்கு அதைத் தமிழில் தந்தார். அதில் பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றுக்கும் அடுத்து இதற்கு அர்த்தம் என்ன என்றுதானே கேள்வி வரும்? சின்னப் பையனாக நின்று எத்தனை தடவை ஒப்பித்திருப்பீர்கள்!

பன்னிரண்டு கோரிக்கைகள் சில பக்கங்கள்தான். ஓரத்தில் எந்த வேதப் பகுதி என்று அச்சிட்டிருக்கும். தாத்தாவின் பைபிள் வீட்டில் இருக்குமே, அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய அடிமைகளும் இல்லை என்ற மூன்றாவது கோரிக்கைக்கு முதலாம் கொரிந்தியர் ஏழாம் அதிகாரம். 23-ஆம் வசனத்தில் தாத்தா கோடு போட்டிருக்கிறாரா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.