குல்மார்க் பனி அளவு: கீழே 20, மேலே 110, எது சரி?

வணக்கம். மன்னார்குடியிலிருந்து அப்பா அம்மாவோடு ஜனவரி கடைசியில் காஷ்மீரில் இருக்கும் பனிச்சறுக்கு ஊரான குல்மார்க் போவதாகவும், ஒரே நாள் பனி அறிக்கையில் 20 செ.மீ., 110 செ.மீ. என இரண்டு அளவு இருப்பது குழப்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டும் சரிதான். முதலாவது அடிவாரம், சுமார் 2,650 மீட்டர் உயரம். அடுத்தது அபர்வத் மலைப் பக்கம். கேபிள் கார் இரண்டு கட்டமாக ஏறி, அங்கே 3,900 மீட்டருக்கு மேல் போய் நிற்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும், அதனால் கீழே உருகும் பனி மேலே அப்படியே கிடக்கும்.

ஆனால் தினமும் முதலில் பார்க்க வேண்டியது காற்றின் வேகத்தை. எவ்வளவு பனி இருந்தாலும், காற்று பலமாக அடித்தால் இரண்டாம் கட்ட கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். நாங்கள் கும்பகோணத்திலிருந்து போனபோது இரண்டு நாள் கீழேயே காத்திருந்து, மூன்றாம் நாள்தான் ஏறினோம். மேலே பனியை அள்ளி அழுத்தினேன், உருண்டை பிடிக்கவில்லை. கோலமாவு மாதிரி விரலிடுக்கில் உதிர்ந்தது. சறுக்குவதற்கு அதுதான் அருமையான பனி. கீழே இருந்ததோ ஈரப்பனி. பருத்திச் சாக்ஸ் அரை மணியில் நனைந்து கால் மரத்துவிட்டது. அம்மாவுக்குக் கம்பளிச் சாக்ஸ் கட்டாயம் வாங்குங்கள், நம்மூர் மார்கழிப் பனிக்குக் கட்டும் மப்ளர் மட்டும் போதாது.

அப்புறம், அப்பாவுக்கு மூச்சுத் தொந்தரவு இருந்தால் முதல் கட்டமான கொங்டூரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.