ராபர்ட் லாக்வுட் ஜூனியர், ராபர்ட் ஜான்சனின் மாணவர் என்பதைத் தாண்டி என்ன சாதித்தார்?

1915இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்த ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைமரபு) கிட்டார் கலைஞர் லாக்வுட், தம் தாயின் துணைவராக வாழ்ந்துவந்த புகழ்பெற்ற ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சனிடமே கிட்டார் கற்றார் என்பது உண்மைதான். ஆசிரியர் மாணவரைவிட நான்கே வயது மூத்தவர். ஆனால் அந்த உறவை மட்டும் சொல்லி நிறுத்துவது அவருக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

1941இல் ஹெலினா நகரின் கேஎஃப்எஃப்ஏ வானொலியில், ஹார்மோனிகா கலைஞர் இரண்டாம் சன்னி பாய் வில்லியம்சனுடன் ஒரு மாவு நிறுவனத்தின் விளம்பர நிகழ்ச்சியில் அவர் வாசித்தார். ப்ளூஸின் தாயகமான மிசிசிப்பி டெல்டா பகுதியில் மின்கிட்டார் ஒலி பரவியதில் அந்நிகழ்ச்சிக்குப் பெரும் பங்குண்டு. பின்னர் சிகாகோ சென்று, 1950களில் செஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுகளில் பாடகரும் ஹார்மோனிகா கலைஞருமான லிட்டில் வால்டர் உள்ளிட்ட பலருக்குப் பக்கவாத்தியமாக வாசித்தபோது, பாடகரை மறைக்காமல் ஜாஸ் சாயல் கொண்ட சுரக்கூட்டுகளால் (chords) பாட்டைத் தாங்கிநிற்கும் நுட்பமே அவருடைய தனி முத்திரையாயிற்று. அத்தகைய வாசிப்பை வெகுமக்கள் கவனிப்பதில்லை. சக கலைஞர்கள் கவனித்தார்கள்.

1960களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்தில் குடியேறிய அவர், பிற்காலத்தில் பன்னிரண்டு தந்தி கிட்டாரையே பெரிதும் விரும்பி வாசித்தார். 1995இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது பெற்று, 2006 நவம்பரில் 91ஆம் வயதில் மறையும் ஆண்டுவரை மேடையேறிக்கொண்டிருந்தார்.