தச்சர் கைவேலைக்கு ஒரு லத்தீன் சொல்

கேள்வி: என் தந்தை தச்சர். ரோமில் குருத்துவம் படிக்கும் என் தம்பியின் குருப்பட்டத்துக்காக, பூசை உடைகள் வைக்கத் தேக்கில் ஒரு பெட்டி செய்திருக்கிறார். ஆங்கிலத்தில் 'எ ஜாப் வெல் டன்' என்கிறார்களே, அதை லத்தீனில் மூடியின் உட்புறம் செதுக்க விரும்புகிறோம். கணினி 'ஓபுஸ் பெனே ஃபாக்டும்' என்கிறது. சரிதானா?
— வாசகி, தூத்துக்குடி

பதில்: உளி வைக்குமுன் கேட்டீர்களே, அதற்கு நன்றி அம்மா. இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் 26 ஆண்டுகள் குருமடத்தில் லத்தீன் சொல்லிக்கொடுத்த என் காதுக்கு அது பொருந்தவில்லை. 'பெனே ஃபாக்டும்' இரண்டும் சேர்ந்தால் 'செய்த உதவி', 'நற்செயல்' என்றாகிவிடும். நன்கொடையாளரைக் குறிக்கும் 'பெனிஃபாக்டர்' என்ற ஆங்கிலச் சொல் அந்த வேரிலிருந்து வந்ததுதான். உங்கள் தந்தை செய்தது தர்மம் அல்ல, தச்சு.

மரத்திலும் உலோகத்திலும் வேலை செய்பவனை லத்தீனில் 'ஃபாபெர்' என்பார்கள். அதிலிருந்து பிறந்தது 'ஃபாப்ரே': கைதேர்ந்தவன் செய்வதுபோல. ஆகவே, 'ஃபாப்ரே ஃபாக்டும்'. இது நான் கட்டிய சொல் அல்ல. சிசிலித் தீவின் சிரக்யூஸ் நகரை வென்ற ரோமானியத் தளபதி மார்செல்லுஸ் கி.மு. 211இல் ரோமுக்குக் கொண்டுவந்த வெள்ளி, வெண்கல வேலைப்பாடுகளை வரலாற்றாசிரியர் லிவி இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார். பெட்டிக்கு லத்தீனில் 'ஆர்க்கா', அது பெண்பால். அந்தச் சொல்லையும் சேர்த்துச் செதுக்கினால் 'ஃபாக்டா' என்று மாற்ற வேண்டும். தனியே நின்றால் 'ஃபாக்டும்' போதும்.

மூடியில் இடம் இருந்தால், எனக்கு இன்னும் பிடித்தது ஒன்று உண்டு. சூரியன் மாளிகையின் வெள்ளிக் கதவுகளில் ரோமானியரின் கொல்லர் தெய்வமான வுல்கன் கடலையும் நிலத்தையும் வானத்தையும் செதுக்கியிருந்ததைப் பாடும்போது கவிஞர் ஓவிட் சொல்கிறார்: 'மாட்டேரியம் சூபெராபாட் ஓபுஸ்'. மூலப்பொருளை (அங்கே அது வெள்ளி) வேலை விஞ்சி நின்றது என்று அர்த்தம். தேக்கு விலையுயர்ந்த மரம்தான். அதை விஞ்சியது உங்கள் தந்தையின் கை என்று மூன்றே சொற்களில் வந்துவிடுகிறது. வகுப்பில் இந்த வரியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் நான் சற்று நிறுத்திவிடுவேன்.

ஆனால் லத்தீன் எழுத்தில் எழுதினால் இதில் 21 எழுத்துகள், முன்னதில் 11தான். எது என்பதை உங்கள் தந்தையே முடிவு செய்யட்டும், செதுக்கப்போவது அவர் கை.

எதுவானாலும் ஆங்கிலத்தில் 'கேப்பிட்டல்' என்கிறோமே, அந்தப் பெரிய எழுத்துகளில் செதுக்கச் சொல்லுங்கள். ரோமானியர் கல்வெட்டுகளில் 'யூ' எழுத்துக்குத் தனி வடிவம் இல்லை. 'வீ' வடிவம்தான் இரண்டுக்கும். வளைவு இல்லாமல் இரண்டு நேர்க்கோடுகள், உளிக்கும் அதுவே எளிது.